இறக்கக்கண்டியாள் எழுதிய அட்டைகள்

முதல் நாளே அவள் என் குதிக்காலைப் பற்றிக் கதைத்தாள்.

எங்கள் வேதக்கோயில் மண்டபத்துப் படியில் நான் முன்னால் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது. "அக்கா, உங்கட குதிக்கால் ரெண்டும் நல்ல வடிவு."

திரும்பிப் பார்த்தேன். கறுத்த, நெடிய பெண். முன்பின் கண்டதில்லை. எனக்கு அப்போது கலியாணமாகிப் பதினேழு வருஷம். எனக்குக் குதிக்கால் என்று ஒன்று இருப்பதை என் மனுஷன் அதுவரை கண்டதாகக்கூடச் சொன்னதில்லை. "விசரி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு விறுவிறென்று ஏறிப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்தினேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஞானஸ்நானப் பதிவில் இன்னும் இருக்கும். ஆனால் இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலை டவுனுக்கு வந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் இறக்கக்கண்டியாள்தான். எங்கள் வேதப்புத்தகத்தின் நடுவில் எபிரேயருடைய காதல் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் வரும் பெண்ணுக்கும் இதே கதிதான். ஊரை வைத்து அவளைக் கூப்பிடுகிறார்களே தவிர, தாய் தகப்பன் வைத்த பெயரை ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. அவளும் வெயிலில் கறுத்தவள். அவளையும் கூடப்பிறந்தவர்கள்தான் தோட்டங் காக்க விட்டார்கள். ஆகவே நானும் இவளுடைய பெயரைச் சொல்லாமலே விடுகிறேன். இவளைக் கண்டு கனகாலம்.

இவளுக்கு இரண்டு அண்ணன்மார். தாய் தகப்பன் வேளைக்கே போய்விட்டார்கள். அண்ணன்மார் இறக்கக்கண்டியில் வெங்காயம் வைத்தபோது, மாடும் மானும் காகமும் விரட்ட இவளைத்தான் தோட்டத்தில் விட்டார்கள். பிறகு அவர்கள் உட்துறைமுக வீதியில் கடை போட்டார்கள். கயிறு, வலை, மிதப்பு, படகு எஞ்சின் சாமான் எல்லாம் விற்கிற கடை. அங்கேயும் மேசையில் இவளைத்தான் இருத்தினார்கள். சின்னவர் வீட்டுப் படகோடு கடலில் கிடப்பவர், வாய் திறக்கமாட்டார். பெரியவர் எங்கள் சபையில் மூப்பர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் காணமாட்டீர்கள்.

கயிறு வாங்க வந்தவர்கள் கயிற்றோடு ஒரு புகழ்ச்சியும் வாங்கிக்கொண்டு போனார்கள். "அண்ணை, உங்கட தோள் நல்ல அகலம். இந்த நூல் கயிறு உங்களுக்குக் காணாது, மொத்தமானதை எடுங்கோ" என்பாள். நிலாவெளியிலிருந்து வருகிற கரைவலைக்காரர் ஒருவருக்கு அம்மை போட்ட முகம். அவரை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "உங்கட குரல்தான் அண்ணை. நீங்கள் கதைச்சா கடைக்குள்ள இருக்கிற மிதப்பெல்லாம் அதிருது" என்றாள். மனுஷன் அந்தக் கிழமை மூன்று தரம் வந்து ஊசி நூல் வாங்கினார்.

இச்சகம் பேசுகிறாள் என்று சொல்வார்கள். இல்லை. வடிவில்லாததை ஒரு நாளும் வடிவென்று சொல்லமாட்டாள். ஆளை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடி, எங்கேயாவது ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வாய் திறப்பாள். சொல்லி முடித்ததும், "சரி, எனக்கும் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று நாடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆம்பிளைகள் தலையைச் சொறிவார்கள்.

"நீர்... நல்ல பிள்ளை."

"அது உடம்பில எவடத்தில இருக்கு?"

புதன்கிழமை வேதப்படிப்பிலும் இதே கூத்துத்தான். ஒரு நாள் எழும்பி நின்று, "ஐயா, ஏன் அந்தக் காதல் பாட்டை மட்டும் தாண்டித் தாண்டிப் போறியள்?" என்று போதகர் ஐயாவைக் கேட்டாள். ஐயா நல்ல மனுஷன், படித்தவர். அது மேலோட்டமாகக் காதல் மாதிரி இருந்தாலும், உண்மையில் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவைத்தான் சொல்கிறது என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அவள் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விளங்குது ஐயா. ஒரேயொரு சந்தேகம். அந்தப் பாட்டில அவளின்ட தொப்புளையும் புகழுது. சபைக்குத் தொப்புள் எவடத்தில இருக்கு?"

அன்றைக்கு வேதப்படிப்பு பத்து நிமிஷம் முந்தியே முடிந்தது.

எங்கள் டவுனில் மான்கள் தெருவில் திரிவது உங்களுக்குத் தெரியும். பஸ் நிலையத்திலும் நிற்கும், குப்பையில் கிடக்கிற கடதாசியும் தின்னும். கடைக்கு முன்னால் வருகிற மான்களைப் பெரியண்ணன் தடி எடுத்து விரட்டுவார். இவள் பின்பக்கத்தால் போய் வாழைப்பழத் தோல் கொடுப்பாள். "ஏன்டி, வெங்காயத் தோட்டத்தில இதுகளைத்தானே விரட்டினனீ?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் அக்கா, இப்ப கடன் தீர்க்கிறன்" என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தொரு வயதில் ஒரு ஆளைப் பிடித்துவிட்டது.

மூதூர்க்காரர். படகு எஞ்சின் திருத்துபவர். மனைவியை இழந்து ஏழு வருஷம், பிள்ளை குட்டி இல்லை. எஞ்சின் இழுக்கிற கயிறு வாங்க வந்தவர், அடுத்த கிழமையும் அதே கயிறு வாங்க வந்தார். உள்ளதைச் சொன்னால், மொட்டைத் தலை, வளைந்த கால், நகத்துக்குள் கறுப்பு எண்ணெய். அவளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சங்கதி.

பெரியண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் கத்தோலிக்கர், நாங்கள் வேற சபை. ஏற்கெனவே கட்டினவர். வீடு தகரக்கூரை. இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். அசல் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைக்கு அப்படி ஒரு ஆள் திரும்பக் கிடைக்காது. "இந்த வருஷம் போகட்டும் பாப்பம்" என்று இரண்டு வருஷம் சொன்னார். மூன்றாம் வருஷம் மூதூர்க்காரரைக் கடைப்பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நாற்பது வயசு தாண்டீட்டுது உனக்கு. போய்ப் பதிவு எழுதிப்போட்டு வாவன், ஆர் மறிக்கிறது?" என்றேன் நான்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "களவாப் போறதுக்கு நான் என்ன கோழியோ அக்கா? அண்ணன் தன்ட வாயால கூப்பிட்டு, தன்ட கையால பிடிச்சுக் குடுக்க வேணும். அவர்தானே என்னை வளர்த்தவர்? அப்பிடியில்லாட்டி எனக்கு வேண்டாம்."

அவளுக்கு அண்ணன் மேல் உயிர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மார்கழி பிறந்த கையோடு ஒரு வியாழக்கிழமை காலை அவள் வந்து நின்றாள். "அக்கா, மூதூருக்கு ஒருக்காப் போட்டு வருவமே? அங்க நல்ல எருமைத் தயிர் இருக்கு." நான் ஒரு மடைச்சி, தயிர் என்றதும் நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் சொன்னாள். ஆள் இரண்டு கிழமையாக வரவுமில்லை, ஃபோனும் வேலை செய்யவில்லை, வீடு எவடமென்றும் தெரியாது.

மூதூர் பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நேரே அவர்களிடம் போனாள்.

"தம்பியவை, எஞ்சின் திருத்துற ஒருத்தரைத் தேடி வந்தனாங்கள்."

"இஞ்ச எஞ்சின் திருத்துற ஆக்கள் பத்துப் பேருக்கு மேல, அக்கா. ஆள் எப்பிடி?"

கேட்டிருக்கக் கூடாது. தலையிலிருந்து தொடங்கினாள். நெற்றி எப்படி, கண் எப்படி, சிரித்தால் கன்னத்தில் எந்த இடத்தில் குழி விழும், கை எவ்வளவு உரம், கால் இரண்டும் எப்படி ஊன்றி நிற்கும், நடந்து வந்தால் எப்படி நிலம் வழி விடும். ஒரு அவசரமுமில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களும் கிளாஸோடு எழும்பி வந்து கேட்டார்கள். தொப்பி போட்ட வயதான ஆட்டோக்காரர் ஒருவர் கடைசி வரை மரியாதையாகக் கேட்டிருந்துவிட்டு, மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. அப்பிடி ஒரு ஆம்பிளை மூதூரில இருந்தா நாங்கள் அறிஞ்சிருப்பம்."

நான் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். "மொட்டை, கால் வளைவு எண்டு சொல்லடி!"

வேதப்புத்தகத்தை நான் காலால் மிதித்துவிட்டது மாதிரி என்னைப் பார்த்தாள். சொல்லமாட்டேன் என்று நின்றாள். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"ஓ, எங்கட மொட்டையரோ! ஏறுங்கோ, ஏறுங்கோ!"

அவர் மாமரத்துக்குக் கீழே ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். ஃபோன் டீசல் வாளிக்குள் விழுந்துவிட்டதாம். அவளைக் கண்டதும் எழும்பி நின்றார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்கட அண்ணன் வரவேண்டாமெண்டவர். பெரிய மனுஷன்ட சொல்லை மீறி வர எனக்கு ஏலாது," என்றார். "அவர் கூப்பிட்டா அந்த நிமிஷமே வருவன்."

"கூப்பிடுவார்" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது மடியில் தயிர்ச்சட்டியோடு பஸ்ஸில் இருந்தேன். கிண்ணியாப் பாலம் தாண்டும் வரை அவள் வெளியே பார்த்தபடி விரலில் எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, இந்தமுறை புதுவருஷ அட்டையெல்லாம் நானே எழுதவே?"

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுவருஷக் காலை ஆராதனை முடிய, ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்வார்கள். எடுத்தவர் அதை மைக்கில் வாசிக்க வேண்டும், சபை ஆமென் சொல்ல வேண்டும். அந்த வருஷம் முழுக்க அதுதான் அவருக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. அவளுடைய அண்ணனுக்கு இதில் இருக்கிற பயமும் நம்பிக்கையும் சொல்லி மாளாது. ஒருமுறை அவருக்குப் பொறுமையாய்க் காத்திரு என்று ஒரு வசனம் வந்தது. இரண்டாவது கடைக்குப் பெயிண்ட் அடித்து, பலகை எல்லாம் தூக்கியாயிற்று. மனுஷன் பன்னிரண்டு மாதம் அதைப் பூட்டியே வைத்திருந்தார்.

அட்டைகளை மாதர் சங்கம்தான் எழுதும். பழைய கிறிஸ்மஸ் அட்டைகளை வெட்டி, பின்பக்கத்தில் கையால் எழுதுவோம். நான் சங்கத்துச் செயலாளர். எல்லாவற்றையும் வாசித்துச் சரி பார்ப்பது என் பொறுப்பு. அவள் ஒரு பிஸ்கட் டின் நிறைய அட்டை கொண்டுவந்த நேரம் நான் குசினியில் கொக்கிஸ் பலகாரம் சுட்டுக்கொண்டு நின்றேன். எண்ணெய் கொதிக்கிறது, அச்சு ஒட்டிப் பிடிக்கிறது. மேலே இருந்த ஐந்தை எடுத்துப் பார்த்தேன். மேய்ப்பன், கன்மலை, வெளிச்சம். முத்து முத்தான எழுத்து. "சரி, போ" என்றேன். அந்த ஐந்தைத் தவிர மிச்சமெல்லாம் அந்தக் காதல் பாட்டிலிருந்து எழுதியவை என்று எனக்கென்ன தெரியும்?

புதுவருஷக் காலை. வெள்ளைத் துணி போட்ட தட்டைப் பிடித்துக்கொண்டு அவளே நின்றாள். மேலே வைத்த ஐந்தையும் முதலே எடுத்துவிட்டாள் போல. முதலில் போதகர் ஐயா எடுத்தார். விடியக் காலையில் தோட்டத்துக்குப் போவோம் வா, அங்கே என் அன்பைத் தருவேன் என்று ஒரு பெண் கூப்பிடுகிற வசனம். வாசிக்க வாசிக்க ஐயாவின் குரல் இறங்கியது. "ஊழியத்தைச் சொல்லுது" என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார். அவருடைய மனைவி குனிந்து செருப்பைச் சரி பார்த்தா.

பிறகு பாடகர் குழுத் தலைவர். மூக்கைக் கோபுரமென்று சொல்கிற வசனம். கடவுள் சாட்சியாக, அவருடைய மூக்குக் கோபுரம்தான். வாசித்துவிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மணியடிக்கும் முதியவரை நாங்கள் அப்பு என்போம். அவருக்கு வாயில் ஒரு பல் கிடையாது. அவருக்கு வந்தது பல் வரிசையின் வடிவைப் புகழ்கிற வசனம். பல்லில்லாத முரசால் ஒவ்வொரு சொல்லாக மென்று வாசித்து முடித்தார். பெண்கள் பக்கத்தில் அவருடைய மனுஷி சிரித்த சிரிப்பில் பக்கத்து வாங்குப் பலகை ஆடியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு காலத்தில அப்பிடித்தான் இருந்தது. ஆமென்" என்றா.

எனக்கு? உதட்டில் தேன் வடிகிறதாம். என் வாயைத் தெரிந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். என் மனுஷனுக்கோ, உன் குரலைக் கேட்க விடு, அது இனிமை என்று காதலன் கெஞ்சுகிற வசனம். இத்தனை வருஷத்தில் என் குரலைப் பற்றி அந்த மனுஷன் சொன்னது "சத்தம் போடாத" என்பது மட்டுந்தான். மைக்குக்கு முன்னால் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

மூப்பர்களின் முறை வந்தது. அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். ஒரு நாளும் அவர் மேலே இருப்பதை எடுக்கமாட்டார். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் கையை அடியில் விட்டுத்தான் எடுப்பார். கூடப்பிறந்தவளுக்கு அது தெரியாதா? அடியில் இருந்த இருபதும் ஒரே வசனம் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். அன்பை எந்த வெள்ளமும் அணைக்காது, ஒருவன் தன் வீட்டுச் சொத்தையெல்லாம் அதற்கு விலையாகக் கொடுத்தாலும் அவமானந்தான் மிஞ்சும் என்று வருகிற இடம்.

அவர் வாசித்தார். பாதியில் நின்றார். பிறகு முழுவதையும் வாசித்து முடித்தார்.

"தங்கச்சி, இது ஆர் எழுதினது?" மைக் திறந்தபடியே இருந்தது.

அவள் தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். "எழுதினது நான் அண்ணா. சொன்னது நான் இல்லை."

ஒருத்தரும் ஆமென் சொல்லத் துணியவில்லை. பின்னால் மணிக்கயிற்றடியில் நின்ற அப்புதான், "ஆமென்!" என்று கத்தினார்.

அன்று மத்தியானமே சபைக் கூட்டம். "நீங்கள் வாசிக்கேல்லையோ?" என்று என்னைக் கேட்டார்கள். "ஐஞ்சு வாசிச்சனான்" என்றேன். வேதத்தில் இருப்பதைப் பிழையென்று சொல்ல ஏலாது என்று ஐயா இழுத்தார். அண்ணன் விடவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோரும் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கடையில் அச்சடித்த புது அட்டை கொடுக்கப்படும் என்று முடிவானது. அண்ணனின் அட்டை போனால் அவருடைய மனதும் பழையபடி பூட்டிக்கொள்ளும். அவள் வீட்டுக்கு வந்து என் குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். அவள் அழுது அன்றுதான் கண்டேன்.

"என்ட கடைசிச் சந்தர்ப்பம் அக்கா. இனி என்னட்ட ஒண்டுமில்லை."

அந்தக் கிழமை என் வீட்டில் ஒன்று நடந்தது. செவ்வாய்க்கிழமை நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நிற்கிறேன், என் மனுஷன் கிணற்றடிக்கு வந்து, "நீ முந்தி ஒரு பாட்டுப் பாடுவாய், அதை ஒருக்காப் பாடன்" என்றார். நான் பாடினேன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. ஆராதனை முடிய ஐயா வெறுந்தட்டைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார். "அட்டையைக் கொண்டுவந்தவை முன்னுக்கு வாங்கோ." ஒருத்தரும் அசையவில்லை. ஐயா ஒவ்வொருத்தராகப் பார்த்தார். பாடகர் குழுத் தலைவர் எழும்பி, "மான் திண்டிட்டுது ஐயா" என்றார். அப்புவின் அட்டையையும் மான் தின்றுவிட்டது. இன்னும் நாலு பேருடையதையும் மான் தின்றுவிட்டது. என்னுடையது அரிசி வாளிக்குள் பத்திரமாக இருந்தது. நானும் மானைத்தான் சொன்னேன். ஐயாவின் மனைவி எழும்பி, "எங்கட வீட்டிலயும் மான் வந்தது" என்றா. ஐயா அவவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அண்ணன் ஒருவர்தான் அட்டையோடு முன்னால் போனார். தட்டுக்கு மேலே கையை நீட்டி, அப்படியே நின்றார். திரும்பிச் சபையைப் பார்த்தார்.

"எல்லாரும் வச்சிருக்கினம் ஐயா."

"நீங்கள் போடுங்கோ. புது அட்டை தாறன்."

"புதுசு நீங்கள் தாறது. இது எனக்கு வந்தது," என்றார் அண்ணன். "இதைத் திருப்பிக் குடுத்துப்போட்டு இந்த வருஷம் நான் என்னெண்டு கடலுக்குப் படகு விடுறது?"

அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். நேரே தங்கச்சி இருந்த வாங்கடிக்குப் போனார். "ஆளை ஒருக்கா வரச் சொல்லு, கதைப்பம்."

அவள் எழும்பினாள். யன்னலைக் கையால் காட்டினாள். நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். மதிலுக்கு அங்கால், மழைக்குள், ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவுமில்லை.

அண்ணன் வாசலுக்கு நடந்தார். அங்கே சாத்தி வைத்திருந்த குடைகளில் கைக்கு வந்த ஒன்றை விரித்தார். அது என் பூப்போட்ட குடை. மதிலடிக்குப் போனார். நாங்கள் ஒரு சபையாக யன்னலடியில் நெருக்குப்பட்டோம்.

"ஐசே, எவ்வளவு நேரமா நிக்கிறீர்?"

"அட்டைக் கதை மூதூருக்கும் வந்தது. ஆராதனை தொடங்கேக்க வந்தனான்."

"உள்ளுக்கு வந்திருக்கலாம்தானே?"

"நீங்கள் கூப்பிடேல்லையே."

அண்ணன் குடையை அந்த மொட்டைத் தலைக்கு மேலே சரித்துப் பிடித்தார். அவருடைய வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப கூப்பிடுறன்," என்றார். "வாரும்."